அனாபொலிஸில் படிக்கும் மகள், கால் வலி, ஆர்மியோடு ஒரு பந்தயம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், சொந்த ஊர் திருச்சி. இளைய மகள் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள், காடு மேடெல்லாம் நீண்ட தூரம் ஓடுகிற கிராஸ் கன்ட்ரியும் உண்டு. ஸ்பிரிங் பிரேக்குக்குக்கூட வீட்டுக்கு வராமல் அணியோடு போய்விட்டாள். போன வாரம் போய்ப் பார்த்தோம், மெலிந்துபோயிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே வலி என்று வாய்தவறி ஒருமுறை சொன்னாள். டாக்டரைப் பார் என்றால், "ஆர்மி மீட் முடியட்டும்மா" என்கிறாள், வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியோடு வருகிற போட்டியைச் சொல்கிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை என்னிடம் சொல்லாமல் அவள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். தூக்கம் ஐந்து மணி நேரம்தான், பிசிக்ஸில் மார்க் குறைந்துவிட்டது. ஆகஸ்டில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓட்டத்தை விட்டுவிடச் சொல் என்கிறார் என் கணவர். விடச் சொல்லலாமா? நானே அங்கே யாருக்காவது போன் பண்ணலாமா? அவள் அசைவம் சாப்பிடமாட்டாள், பார்சலில் என்ன அனுப்பலாம்?

பதில்:

அம்மா, ஓட்டத்தை விடலாமா என்பதுதான் உங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருக்கிறது என்று புரிகிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வாரமே பார்க்க வேண்டியது அந்தக் கால் வலியையும் நின்றுபோன மாதவிலக்கையும். இரண்டும் வேறு வேறு சங்கதி மாதிரி தெரியும், ஆனால் நீண்ட தூரமும் நடுத்தர தூரமும் ஓடும் பெண்களிடம் இரண்டும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உடம்பு செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் என் கிளினிக்கில் ஒரு கல்லூரி ஓட்டக்காரி இதே கதையோடு வந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவேன்.

வலியைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். வலிக்கிற இடத்தை ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிறதா, இல்லை கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு ஜாண் நீளத்துக்குப் பரவி இருக்கிறதா? பரவலாக இருந்து, ஓட ஓடக் குறைந்தால் அது பெரும்பாலும் எல்லாரும் ஷின் ஸ்பிளின்ட் என்று சொல்கிற தொந்தரவு. ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓடக் கூடி, ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்று இருந்தால் எலும்பிலேயே கீறல் விழ ஆரம்பித்திருக்கலாம். அதிலும் கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில் வந்தால் அது சீக்கிரம் ஆறாத வகை, மாதக்கணக்கில் இழுக்கும், சில சமயம் உள்ளே கம்பி வைக்கும் அளவுக்குப் போகும். எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் சில வாரம் ஓடாமல் இருப்பதோடு முடிந்துவிடும். ஆர்மி மீட் வரை தள்ளிப்போட்டால், அந்த மீட்டின் கடைசி 200 மீட்டரில் அது முழுசாக முறிந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

மாதவிலக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம்தானே என்று பயிற்சியாளர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அப்படி யாரும் சொல்லக் கூடாது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு இதற்கு ரெட்-எஸ் என்று ஒரு பெயர் கொடுத்து, 2023-ல் அந்த அறிக்கையை மறுபடி புதுப்பித்தது. விஷயம் இதுதான். ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் சக்தியில்தான் இதயம், மூளை, ஹார்மோன், எலும்பு எல்லாம் நடக்க வேண்டும், மிச்சம் குறைந்துகொண்டே போனால் உடம்பு எதையாவது நிறுத்தும், அது முதலில் நிறுத்துகிறவற்றில் மாதவிலக்கு ஒன்று. மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலவீனமாகும். இருபது வயது என்பது எலும்பு கெட்டிப்படுகிற கடைசி வருடங்களில் ஒன்று, இப்போது விட்டதைப் பிறகு முழுசாகப் பிடிப்பது கஷ்டம்.

கணக்குப் போட்டுக் காட்டினால் உங்களுக்கே தெரியும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 44 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒவ்வொரு கிலோவுக்கும், ஓட்டச் செலவு போக, நாளுக்கு 45 கலோரி மிஞ்சுவது நல்லது, 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாற ஆரம்பிக்கின்றன. பயிற்சியில் 700 கலோரி போகிறது என்றால் அவள் சுமார் 2,700 கலோரி சாப்பிட வேண்டும். 2,000 சாப்பிட்டால் தட்டைப் பார்க்கிற யாருக்கும் குறையாகத் தெரியாது, நன்றாகத்தானே சாப்பிடுகிறாள் என்றுதான் தோன்றும், ஆனால் அவள் அந்த 30 என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுகொண்டிருப்பாள். பட்டினி கிடக்கிறாள் என்றோ, அழகுக்காக மெலிகிறாள் என்றோ நீங்கள் முடிவு கட்ட வேண்டியதில்லை. அப்படியும் இருக்கலாம், அதை அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். ஆனால் நிறையப் பேருக்கு நேரம் இல்லாததுதான் காரணம்.

அந்த நேரத்தைத்தான் கொஞ்சம் பாருங்களேன். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, டிசம்பரில் உள்ளரங்கப் போட்டிகள் ஆரம்பித்து பிப்ரவரி கடைசியில் அவர்கள் அணி இருக்கும் கல்லூரி லீக்கான பேட்ரியட் லீக்கின் உள்ளரங்கச் சாம்பியன்ஷிப், மார்ச்சில் திடல் சீசன், ஏப்ரல் வாக்கில் ஆர்மியோடு மோதல், மே தொடக்கத்தில் மறுபடி லீக் சாம்பியன்ஷிப், அதே சமயம் செமஸ்டர் பரீட்சை. நடுவில் மூச்சு விட இடமே இல்லை. சாதாரணப் பல்கலைக்கழகத்தில் ஓடுகிற பெண்ணுக்கும் இதே காலண்டர்தான், ஆனால் அவள் காலையில் ஃபார்மேஷன் என்று வரிசையில் நிற்க வேண்டாம், அறைச் சோதனை கிடையாது, ராத்திரி காவல் முறை கிடையாது. என்ன பாடம் எடுத்தாலும் கால்குலஸ், பிசிக்ஸ் எல்லாரும் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இல்லை. மதியம் கிங் ஹாலில் நாலாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்தால் உடனே அடுத்த வேலை. அதில் இறைச்சியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பிள்ளைக்கு எவ்வளவு உள்ளே போகும் என்று நினைக்கிறீர்கள்? சாயங்காலம் பயிற்சி முடிந்து குளித்து வரும்போது பசியே செத்துப்போயிருக்கும், கடும் ஓட்டத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் பசி அடங்கிப்போவது உண்மைதான். அதனால் பசித்தால் சாப்பிடு என்று அவளிடம் சொல்லாதீர்கள். பசிக்காவிட்டாலும் பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து மணி நேரத்தில் எலும்பும் ஆறாது, பிசிக்ஸும் ஏறாது. ஸ்டான்ஃபோர்டில் கூடைப்பந்து ஆடும் மாணவர்களைச் சில வாரம் ராத்திரி பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க வைத்துப் பார்த்தார்கள், 2011-ல் வெளியான ஆய்வு. 282 அடி ஓட்டம் 16.2 வினாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது. பதினோரு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், பெரிதாகக் கொண்டாட வேண்டாம், ஆனால் ஓட்டக்காரப் பிள்ளைகளிடம் தூங்கு என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், வேகம் கூடும் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். அனாபொலிஸில் பத்து மணி நேரம் கனவிலும் நடக்காது. ஏழு கிடைத்தால் போதும், அதற்குப் பிசிக்ஸ் ஆசிரியரிடம் போய் இ.ஐ. கேட்பது, அதாவது தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவது, ராத்திரி ஒரு மணி வரை ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல். அங்கே அது வெட்கப்படுகிற விஷயமே இல்லை, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே வாங்குகிறார்கள்.

சரி, அவள் யாரிடம் போக வேண்டும்? முதலில் அணியோடு இருக்கும் அத்லெடிக் டிரெயினர், அப்புறம் அகாடமி மருத்துவப் பிரிவு. எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு நிற்காமல் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் பார்ப்பார்கள். சைவம் சாப்பிட்டு இவ்வளவு ஓடுகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டி இருப்பது ரொம்பச் சாதாரணம். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், மாதவிலக்கு நின்ற யாருக்கும் முதலில் செய்கிற சடங்கு அது, அவள் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் பதறாதீர்கள். மாதவிலக்கை வரவைக்கிறேன் என்று யாராவது கருத்தடை மாத்திரை கொடுத்தால் மட்டும் இரண்டாவது கருத்துக் கேளுங்கள், அதில் மாதாமாதம் ரத்தம் வரும், உள்ளே பிரச்சினை அப்படியே இருக்கும், எலும்புக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. சாப்பாட்டுக்கு, அகாடமி மாணவர்களுக்கென்றே இருக்கும் மிட்ஷிப்மென் டெவலப்மென்ட் சென்டரில் உணவு ஆலோசகரும் உண்டு, மனசு விட்டுப் பேச ஆலோசகர்களும் உண்டு. எதுவும் எங்கேயும் பதிவாகக் கூடாது என்று பயந்தால் சாப்ளின், அதாவது கடற்படையின் மதகுரு, இருக்கிறார். கடற்படைச் சாப்ளினிடம் சொன்னது அவரைத் தாண்டி வெளியே போகாது, அது விதி. மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எந்தப் பிள்ளையும் போகலாம்.

அந்தப் பயம் அவளுக்கு நிச்சயம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பைலட் ஆக வேண்டும், மரைன் ஆக வேண்டும் என்று இருக்கிற பிள்ளைகள் மெடிக்கல் ஃபைலில் ஒரு வரி ஏறிவிடக் கூடாதென்று வலியை விழுங்கிக்கொண்டு ஓடுவது ராணுவ அகாடமிகளில் புதிதல்ல. இதில் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்று அவளுக்குப் புரியவையுங்கள். ஆரம்பத்தில் பிடித்து நன்றாக ஆறிய எலும்பு பொதுவாக யாருடைய வேலையையும் கெடுப்பதில்லை, அவள் பட்டம் வாங்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆறுவதற்கு நேரம் தாராளமாக உண்டு. மறைத்து ஓடி, முறிந்து, அறுவை சிகிச்சை வரை போனால்தான் அந்த ஃபைல் கனமாகும். ஓட வேண்டாம் என்று ஒரு சிட் கொடுத்துவிட்டால் சும்மா உட்கார வேண்டியதும் இல்லை, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், மூச்சும் இதயமும் பழுதாகாது.

ஆர்மி மீட் என்றால் அவளுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஆர்மியை ஜெயித்தவர்கள் ஸ்வெட்டரில் தங்க நட்சத்திரம் குத்திக்கொள்வார்கள், அகாடமியை விட்டுப் போன பிறகும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதனால் "ஒரு ரேஸ்தானே, விடு" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், அந்த நிமிடமே அவள் காதை மூடிக்கொள்வாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆர்மி மீட் பாக்கி இருக்கிறது. என் அபிப்பிராயம், எம்ஆர்ஐ சுத்தமாக வந்தால் ஓடட்டும், எலும்பில் வீக்கம் தெரிந்தால் இந்த வருடத் திடல் சீசன் முடிந்தது. நடுவில் பேரம் பேச ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. அணியை விடுவதால் அவள் படிப்புக்கு எதுவும் ஆகாது, ஏனென்றால் அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்று ஒன்றே கிடையாது, எல்லாருக்கும் படிப்பு இலவசம்தான். அதே சமயம், அணியை விட்டால் ஓட்டமே இருக்காது என்றும் அவர் நினைக்க வேண்டாம். அகாடமியில் எல்லாரும் ஏதாவது ஒரு விளையாட்டில் இருந்தே ஆக வேண்டும், அணி இல்லாவிட்டால் கிளப், அதுவும் இல்லாவிட்டால் கம்பெனிகளுக்குள், அதாவது மாணவர்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவுகளுக்குள், நடக்கிற போட்டி. உடல் தகுதித் தேர்வில் ஒன்றரை மைல் ஓட்டமும் எப்படியும் இருக்கிறது. அணியில் இருப்பதால் சில நன்மைகளும் உண்டு, டிரெயினர் தினமும் பார்க்கிறார், சீசன் நடக்கும்போது அணிவகுப்பு மாதிரி சிலவற்றிலிருந்து விலக்குக் கிடைக்கிறது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அந்த ஓய்வு நாளில் அவள் தனியாக ஓடப் போகிறாளா என்று கேட்டுப் பாருங்கள், போகிறாள் என்றுதான் எனக்குச் சந்தேகம். நான் அவள் இடத்தில் இருந்தால் திடல் சீசனுக்குப் பிறகு முழுசாக ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த வருடம் மூன்று சீசனில் ஒன்றை விட்டுத்தர முடியுமா என்று கோச்சிடம் பேசுவேன். 800 மீட்டர் ஓடுகிறவளுக்கு முழு கிராஸ் கன்ட்ரி சீசன் அவசியமே இல்லை.

ஆகஸ்ட் கையெழுத்து வேறு விஷயம், இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். டூ ஃபார் செவன் என்பார்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு குறைந்தது ஐந்து வருடப் பணி. கையெழுத்துப் போடும்வரை எந்தக் கடனும் இல்லாமல் வெளியே வரலாம், போட்ட பிறகு விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ சிப்பாயாக வேலை செய்யவோ சொல்லலாம். உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சரியாகத் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், கால் வலியோடு ஏப்ரலில் இருக்கிற பிள்ளையிடம் போய் ஏழு வருடத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்து நாலு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கேளுங்கள். அப்போது அவள் வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பேரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும், சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டோமே என்ற பேச்சே வரக் கூடாது.

போன் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கம்பெனி ஆபீசருக்கு அம்மா போன் பண்ணினாள் என்று தெரிந்தால் அடுத்த முறை அக்காவிடம்கூட அவள் எதுவும் சொல்லமாட்டாள். அக்காதான் உங்களுக்கு இருக்கிற ஒரே கதவு, அதைச் சாத்திவிடாதீர்கள். மாதவிலக்கு விஷயம் உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். பெரியவளே தங்கையிடம் பேசட்டும், "நீ டிரெயினரைப் பார்க்கிற அன்றைக்கு நான் போனில் கூட இருக்கிறேன்" என்று சொல்லட்டும். அனாபொலிஸில் ஸ்பான்சர் குடும்பம் என்று முதல் வருடமே ஒரு உள்ளூர்க் குடும்பம் அமைந்திருக்கும், அவர்களோடு நல்ல பழக்கம் இருந்தால் சனிக்கிழமை அங்கே போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு: நொண்ட ஆரம்பித்துவிட்டாள், மயங்கி விழுந்தாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள், அல்லது உயிரோடு இருப்பதே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசுகிறாள் என்றால், கோபித்துக்கொள்வாளோ என்று யோசிக்காமல் அந்த நிமிடமே போன் பண்ணுங்கள்.

கடைசியாகப் பார்சல். தாராளமாக அனுப்புங்கள், எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வேர்க்கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொட்டுக்கடலை மாவு உருண்டை, பேரீச்சை, பாதாம், முந்திரி, கையில் எடுத்து நடந்துகொண்டே சாப்பிடக்கூடிய எதுவும். இறுக்கி மூடுகிற டப்பாவில் போடுங்கள், அறையில் எறும்பு வந்தால் திட்டு வாங்குவது அவள்தான். சத்துமாவு கொதிக்கவைக்க வேண்டும், அதற்கு அங்கே வசதி இருக்காது. பாலும் தயிரும் விடாமல் சாப்பிடட்டும். கடற்படையிலேயே புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, 2008-ல் வெளியானது, எட்டு வாரம் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்த குழுவில் எலும்புக் கீறல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை அங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், இரும்பு மாத்திரையும் அப்படித்தான், ஃபெரிட்டின் பார்க்காமல் வேண்டாம்.

அனுப்பக் கூடாததும் உண்டு. லேகியம், அஸ்வகந்தா பொடி, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த சூரணம் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிள் சொல்லாத பொருளால் மருந்துச் சோதனையில் மாட்டினால் "அம்மா அனுப்பினாள்" என்பது பதிலாக எடுபடாது. அப்புறம் கசகசா. சிரிக்காதீர்கள், 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே தன் ஆட்களுக்குக் கசகசாவைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை விட்டது, சில கசகசா ரகங்களால் சிறுநீர்ச் சோதனையில் கோடீன் இருப்பதாகக் காட்டிவிடுகிறதாம். அகாடமியில் எப்போது வேண்டுமானாலும் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். அதனால் அவள் வீட்டுக்கு வரும்போது குருமாவுக்குத் தேங்காயோடு முந்திரியை அரைத்து ஊற்றுங்கள், கசகசா போட்ட பாயசத்தை இரண்டு வருடத்துக்கு மறந்துவிடுங்கள்.